விளக்கு வைத்த பிறகு விற்ற மின்சாரம்

ஆறு கோடி ரூபாய் போட்டு வாங்கிய பேட்டரி எந்த நேரத்தில் மின்சாரத்தை வெளியே கொடுத்தால் காசோ, சரியாக அந்த நேரத்தில் வெங்கடசுப்பிரமணியன் வீட்டில் எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டால் அந்த வாசலைத் தாண்டிப் பணம் போகாது, உப்பு போகாது, தயிர் போகாது, ஊசி போகாது. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, காரைக் கேட்டு ஓடிவந்தார்கள். வெள்ளிக்கிழமை, மணி ஏழு. கார் போகவில்லை, ஆட்டோ போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டதால், அந்த வழக்கத்தில் ஒரு பழுதும் இல்லை என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது.

வெங்கடசுப்பிரமணியனுக்கு வீடு வில்லாபுரத்தில். தெற்கு மாசி வீதியில் சுங்குடிப் புடவை மொத்தக் கடை. பேரையூருக்கு மேற்கே, மலை தெரிகிற பொட்டல்காட்டில் ஆறு காற்றாலைகள். இருபது வருஷத்துக்கு முன்னால், வருமான வரியில் தேய்மானம் காட்டலாம் என்று ஆடிட்டர் சொன்னதால் வாங்கியவை. அப்போதெல்லாம் அவற்றை அவர் 'வரிக்காத்தாடி' என்றுதான் சொல்வார். ஊர் உலகம் பசுமை பேச ஆரம்பித்த பிறகு, அவருடைய விசிட்டிங் கார்டில் 'பசுமை ஆற்றல் முன்னோடி' என்று ஒரு வரி ஏறியது. புடவைக்கடை கீழே சின்ன எழுத்துக்குப் போனது.

காற்றுக்கும் அவருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. இரண்டும் கேட்கும்போது கொடுக்காது. பேரையூர்க் காற்று வைகாசியில் கிளம்பி, ஆடியில் ஆளைத் தள்ளி, புரட்டாசியில் ஓய்ந்துவிடும். அந்த நாலு மாதத்திலும் அதற்கு உற்சாகம் ராத்திரியில்தான். ஊரே தூங்கும்போது யூனிட் மூன்று ரூபாய் என்றாலும் கேட்பாரில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வீடு ஃபேனும் மோட்டாரும் ஓடும்போது அதே யூனிட் ஒன்பது ரூபாய். மூன்றுக்கு நிரப்பி ஒன்பதுக்கு விற்க ஒரு பேட்டரி வைத்தால் என்ன என்று, வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மகன் ஸ்ரீநாத் யோசனை சொன்னார். வங்கி கடன் கொடுத்தது. இரண்டு கன்டெய்னர் நிறைய பேட்டரி லாரியில் வந்து இறங்கியது. திறப்பு விழாவில் வெங்கடசுப்பிரமணியன் மைக்கைப் பிடித்து, "இனி ஆடிக் காத்தைப் பிடிச்சு வச்சுத் தையில விக்கப் போறேன்" என்றார். கைதட்டினார்கள். அந்தப் பெட்டியில் இரண்டு மணி நேரத்துக்கு விற்கும் அளவுதான் பிடிக்கும் என்பதை மேடையில் யாரும் சொல்லவில்லை. மேடைக்குக் கீழே நின்றிருந்த ஒருத்திக்குத் தெரியும். அவளுக்கு மைக் கிடையாது.

அவள் பெயர் சரண்யாதேவி. பெட்டி வைத்திருக்கும் நிலம் அவளுடைய அப்பா முத்துக்கருப்பனுடையதாக இருந்தது. ஒரு ஏக்கர் முப்பது சென்ட், மழை பெய்தால் விளையும் மானாவாரிக் காடு. பத்தொன்பது வருஷமாக அவர் அந்தக் காற்றாலைகளுக்குக் காவல்காரர். பெட்டி, துணைமின் நிலையத்தை ஒட்டித்தான் இருந்தாக வேண்டும். ஒட்டியிருந்தது அந்த நிலம்தான். வெங்கடசுப்பிரமணியன் நேரில் வந்தார், வெற்றிலைத் தட்டோடு.

"முத்துக்கருப்பா, உன் பொண்ணு என்ன படிச்சிருக்கு?"

"டிப்ளமா மொதலாளி. கரண்டுப் படிப்பு."

"அப்புறம் என்ன யோசனை. பொட்டிக்கு அவதான் ராணி. ஒரு வருஷம் ஓட்டிக் காட்டட்டும். நம்பர் வந்துடுச்சுன்னா பர்மனென்ட் ஆர்டர் கையில."

"வெலை கொஞ்சம் கொறச்சலாத் தெரியுது மொதலாளி."

"நிலத்துக்கு விலை கேக்குறியா, பொண்ணுக்கு வாழ்க்கை கேக்குறியா?"

முத்துக்கருப்பன் வாழ்க்கையைக் கேட்டார். பாதி விலைக்குப் பத்திரம் பதிவானது. வெங்கடசுப்பிரமணியன் சொன்ன சொல் தவறாதவர். அன்றைக்கே நியமன ஆர்டரை டைப் அடிக்கச் சொல்லி, கையெழுத்தும் போட்டு, தேதி மட்டும் விட்டு, வீட்டுப் பூஜையறையில் லட்சுமி படத்துக்கு அடியில் வைத்தார். பத்திரத்தில் தேதி இருந்தது. ஆர்டரில் இல்லை. அதுவரை சரண்யாதேவிக்கு மாதம் பதினோராயிரம், தினக்கூலிக் கணக்கில். நிலம் போய்விட்டபடியால், அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே சொத்து அந்தக் காகிதம்தான். அதுவும் வில்லாபுரத்தில், அடுத்தவர் வீட்டுச் சாமிக்குக் கீழே.

நம்பர் என்பது இதுதான். விருதுநகர் சாலையில் நூற்பாலை வைத்திருக்கும் பசுபதி, தினமும் சாயங்காலம் ஆறரை முதல் எட்டரை வரை பெட்டி மின்சாரத்தை ஒன்பது ரூபாய்க்கு வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருந்தார். வருஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு நாளாவது தவறாமல் கொடுக்க வேண்டும். தவறினால் வருஷம் முழுவதற்கும் ஒன்பது ரூபாய் நாலு ரூபாயாகிவிடும். நாலு ரூபாய் வங்கி வட்டிக்கே பற்றாது. ஆக, தொண்ணூறு வந்தால் ஆர்டர். வராவிட்டால் எல்லாருக்கும் நஷ்டம். அதில் முதலாளியின் பங்கை வங்கி பார்த்துக்கொள்ளும்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை முதல் நாள். ஆறரைக்கு சரண்யாதேவி கம்ப்யூட்டரில் அமுக்கினாள். மில்லுக்கு மின்சாரம் போயிற்று. எல்லாரும் லட்டு தின்றார்கள்.

மறுநாள் ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு அவள் போன் அடித்தது.

"சரண்யா, பெரியவர் பேசுறேன். இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி சார்."

"விளக்கு வச்சாச்சா?"

"எங்க வீட்லயா சார்?"

"என் வீட்ல வச்சாச்சு. பொட்டி என் வீட்டுது. கொடுக்காதே."

"சார், ஆறரைக்கு மில்லுக்குப் போகணும். காண்ட்ராக்டுல இருக்கு."

"நாளைக்குச் சேர்த்துக் கொடுத்துடு."

"நாளைக்கு நாளைக்கு உள்ளதுதான் சார் போகும். இன்னைக்கு நெறஞ்சு கெடக்கு. காலி பண்ணலேன்னா ராத்திரி வார காத்துக்கு எடம் இருக்காது. அம்புட்டும் வீணாப் போயிரும்."

"நிறைஞ்சு கிடக்கட்டுமேம்மா. நிறைஞ்சு கிடக்குறது வீட்டுக்கு நல்லதுதானே?"

"இது குலுக்கையில கொட்டுன கம்பு இல்ல சார். பால் மாதிரி. நெறச்சு வச்சே இருந்தா, இந்த வெயிலுக்கு அதுவாவே கெட்டுப்போகும்."

மிகுந்த பொறுமையோடு குரல் வந்தது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெட்டுப்போகும்னெல்லாம் சொல்லாதேம்மா."

போன் வைக்கப்பட்டது. சரண்யாதேவி ஒரு துண்டுத்தாளை எடுத்தாள். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளி. முன்னூற்று அறுபத்தைந்தில் கழித்தால் முன்னூற்றுப் பதின்மூன்று. நூற்றுக்கு எண்பத்தைந்து, எண்பத்தாறு. ஒரு நாள்கூடப் பழுதாகாமல், ஒரு புயல்கூட அடிக்காமல் இருந்தாலும் தொண்ணூறு வராது. ஆர்டர் படத்துக்கு அடியிலேயே மக்கிப்போகும். இந்தக் கழித்தலை வெங்கடசுப்பிரமணியனும் போட்டிருக்கலாம். நூல் விலையில் கால் ரூபாய் ஏறினால் இரண்டாயிரம் புடவைக்கு என்ன ஆகும் என்று படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டே சொல்கிறவர். ஆனால் சில கணக்குகளைப் போடுவது பாவம் என்று அவருக்கு ஒரு கொள்கை. அவற்றை அவர் ஆட்களைக் கொண்டு போடச் செய்வார்.

அடுத்த போன் ஸ்ரீநாத்திடமிருந்து வந்தது.

"அப்பா பேசினாரா?"

"பேசுனாரு சார். வெள்ளிக்கு வெள்ளி விட்டா எம்பத்தஞ்சுதான் சார் வரும். மிச்சத்துக்கு எங்கிட்டுப் போக?"

"எனக்குத் தெரியாதா? நீ கொடு."

"பெரியவரு போன்ல ஆப் வச்சிருக்காரே சார். கொறையிறது தெரியும்ல?"

"அவர் பார்க்குற பக்கத்தை மட்டும் வெள்ளிக்கிழமை அஞ்சே முக்காலுக்கு நிறுத்தி வை. நூறுன்னே நிக்கட்டும். சனிக்கிழமை காலையில பொட்டி ரொம்பினதும் எடுத்து விட்டுடு. அவருக்கும் நிம்மதி, நமக்கும் நம்பர்."

"ஒரு மெயில் போட்டுருங்க சார். ஒரு வரி போதும்."

"நம்ம குடும்பத்துக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்கு சரண்யா?"

'நம்ம குடும்பம்' என்ற சொல்லை முதலாளிகள் எப்போது வெளியே எடுப்பார்கள் என்று சரண்யாதேவிக்குத் தெரியாது. அவளுக்கு இருபத்து மூன்று வயது. தீபாவளிக்கு முன்பும் லேபர் இன்ஸ்பெக்டர் வரும்போதும் எடுப்பார்கள் என்று அவளுடைய அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அவளிடம் சொன்னதில்லை. ஆறரைக்கு அவள் அமுக்கினாள்.

அதன் பிறகு வில்லாபுரத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்கள் பரவசமாகிவிட்டன. விளக்கேற்றியதும் வெங்கடசுப்பிரமணியன் போனை லட்சுமி படத்தின் மேல் சாய்த்து வைப்பார். திரையில் 100 என்ற எண் பச்சையாக நிற்கும். ஏழு மணிக்கும் 100. எட்டு மணிக்கும் 100. மனைவி சாரதாம்பாள் படத்துக்கு வைத்த குங்குமத்தைப் போனுக்கும் வைத்தார். அது கேமராவில் படிந்து, அந்த வருஷம் எடுத்த குடும்பப் படங்களில் எல்லார் முகத்திலும் ஒரு சிவப்பு மூட்டம் இருந்தது. அதையும் ஒரு அருளாகவே வைத்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அவர் போனைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, நூறு. ஊரே வித்துக்கிட்டிருக்கு. நான் வெள்ளிக்கிழமை விக்க மாட்டேன். லட்சுமி எங்கே தங்குவா சொல்லுங்க?"

லட்சுமி அந்த நேரம் விருதுநகர் சாலையில் கதிர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மற்ற நாட்களில் அவள் லீவு எடுத்தால் பெட்டியை அமுக்க இன்னொரு ஆள் இருந்தான். வெள்ளிக்கு சரண்யாதேவி மட்டும்தான். ரகசியத்துக்கு மாற்று ஆள் போட முடியாது. ஐம்பத்திரண்டு வெள்ளியும் அவள் லீவு எடுக்கவில்லை. சித்தி மகள் கல்யாண வரவேற்பு ஒரு வெள்ளிக்கிழமை; போகவில்லை. நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் ஒரு வெள்ளிக்கிழமை. சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து அமுக்கினாள். அவளைப் பெண் பார்க்க உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்ததும் நல்ல நாள் என்று வெள்ளிக்கிழமைதான். எட்டரைக்கு மேல் வேர்த்து விறுவிறுத்து அவள் வீடு வந்தபோது, மிக்சர் தட்டு மட்டும் இருந்தது. "பொண்ணுக்கு வேலைதான் புருசன் போல" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

கார்த்திகையில் காற்று செத்துவிட்டது. ஆடிக் காற்றைத் தையில் விற்பேன் என்றவரின் ஆறு காத்தாடியும் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றன. பகல் பதினொரு மணிக்கு வெயில் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் என்று சரண்யாதேவிதான் கண்டுபிடித்து, ஸ்ரீநாத்திடம் சொல்லி வாங்கி, பெட்டியை நிரப்பி, சாயங்காலம் விற்றாள். யோசித்துப் பார்த்தால் அந்தப் பெட்டிக்குக் காற்றாலையை விட வெயில்தான் நல்ல ஜோடி. வெயில் தினமும் வரும், தினமும் போகும், பெட்டி தினமும் நிரம்பித் தினமும் காலியாகும். காற்று வந்தால் வாரக்கணக்கில் உட்காரும், போனால் மாதக்கணக்கில் வராது. இதை அவள் நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். ஸ்ரீநாத் அதைத் தன் பெயரில் ஒரு கருத்தரங்கில் வாசித்தார். விளம்பரப் பலகையில் மட்டும் காத்தாடி வருஷம் முழுக்கச் சுற்றியது.

வருஷம் முடிந்தது. கணக்கு வந்தது: நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

"எப்படிடா வந்துச்சு?" என்று வெங்கடசுப்பிரமணியன் கேட்டார்.

"வந்துடுச்சுப்பா" என்றார் ஸ்ரீநாத்.

"பார்த்தியா. நான் அம்பத்திரெண்டு நாள் கொடுக்கலை. அவ நிரப்பிட்டா" என்று பெரியவர் மேலே கையைக் காட்டினார்.

அந்த வார்த்தையோடு நின்றிருந்தால் ஆர்டரில் தேதி விழுந்திருக்கும். வணிகர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம் அவருக்குப் 'பசுமைச் சிகரம்' விருது கொடுத்ததுதான் வினை. அழகர்கோவில் சாலையில் ஏசி ஹால். முன்வரிசையில் அவர் வீட்டார், பட்டில். கடைசி வரிசையில் தண்ணீர்க் கேன் பக்கம், சுங்குடிச் சேலையில் சரண்யாதேவி. விருது வாங்கியதும் மேடையிலேயே ஆர்டரைக் கையில் கொடுத்துவிடுவார் என்று ஸ்ரீநாத் சொல்லி அனுப்பியிருந்தார். முத்துக்கருப்பன் காவலை விட்டு வர முடியாது. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்.

வெங்கடசுப்பிரமணியன் இருபது நிமிஷம் பேசினார்.

"காத்து எல்லாருக்கும்தான் அடிக்குது. கட்டி வைக்கத் தெரியணும். என் ரகசியத்தை இன்னைக்கு ஓப்பனாச் சொல்லிடுறேன். என் பேட்டரி வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச பிறகு ஒரு யூனிட் கொடுத்ததில்லை. இன்ஜினியர்கள் சொன்னாங்க, நஷ்டம்னு. பேங்க்காரன் சொன்னான், நஷ்டம்னு. நான் சொன்னேன், நம்பிக்கைன்னு. ரிசல்ட்? தொண்ணூத்தேழு."

ஹால் எழுந்து நின்று தட்டியது. வாடிக்கையாளர் சார்பில் வாழ்த்த நூற்பாலை பசுபதியைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியைப் போட்டார். பொடி வைத்துப் பேசுகிற ஆள்.

"அண்ணே பேசினதுல ஒரு சின்னத் திருத்தம். நான் காசு கொடுத்து வாங்குறவன், எனக்குக் கணக்கு வேணும்ல? வருசத்துல முன்னூத்தி அம்பத்தி நாலு நாள் கரண்டு வந்திருக்கு. பதினோரு நாள் வரலை. அந்தப் பதினொண்ணுல திங்கள் இருக்கு, புதன் இருக்கு, சனி இருக்கு. வெள்ளி ஒண்ணுகூட இல்ல." தாளை மடித்தார். "அண்ணே, உங்க வீட்டு மகாலட்சுமி அம்பத்திரெண்டு வெள்ளியும் எங்க மில்லுலதான் ஓவர்டைம் பாத்திருக்கு."

முதலில் யாரோ ஒருத்தர் சிரித்தார். பிறகு ஹாலே சிரித்தது. சற்றுமுன் எழுந்து நின்று தட்டிய அதே ஆட்கள், உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெங்கடசுப்பிரமணியன் கேடயத்தை மார்போடு அணைத்தபடி, பல் தெரிய நின்றார். சரண்யாதேவியின் பெயர் மேடையில் வாசிக்கப்படவில்லை. போட்டோ எடுக்கவும் யாரும் இல்லை.

அன்று ராத்திரி அந்த வீட்டில் விசாரணை நடந்தது. ஸ்ரீநாத்திடம் ஒரே கேள்வி. அவருடைய ஒரே பதில்: "நான் பொதுவா நம்பர் முக்கியம்னு சொன்னேன்பா. அவ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா." எழுத்தில் ஒரு வரியும் இல்லாததால், அது உண்மையாகிவிட்டது.

அடுத்து, அந்த வருஷம் வீட்டுக்கு வந்த கெடுதல்களைச் சாரதாம்பாள் பட்டியல் போட்டார். பேத்தி நீட் தேர்வில் தோற்றாள். பெரியவருக்குக் கண்புரை. கார் கேட்டில் இடித்தது. தெற்கு மாசி வீதிக் கடையில் எலி. மருமகள் ஹம்சவேணியின் வைரத்தோடு ஒன்றைக் காணோம். பிறகு கிடைத்தது, ஆனாலும் காணோம்தானே. காலண்டரை வைத்துப் பார்த்ததில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமைக்கு முன்னாலோ பின்னாலோ நடந்திருந்தது. பேத்தி பாடப்புத்தகத்தைத் திறக்காத பாவமும் பேரையூர்ப் பெண் தலையில் ஏறியது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றால் தொண்ணூறும் வேண்டாம் என்றாகும். அடுத்த ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் பசுபதி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். வெங்கடசுப்பிரமணியன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஜோசியரிடம் போனார். ஜோசியர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொன்னார். "குடுக்கறது எது? கை. கை குடுத்தாத்தான் தோஷம். உங்காத்துக் கூரைத் தண்ணி தாழ்வாரம் வழியா தெருவுக்குப் போறது. அதை நீங்க குடுத்தேள்னு யாராவது சொல்லுவாளா? அது மாதிரி கருவி தானாக் குடுத்தா தோஷமில்லை." தட்சிணையை வியாழக்கிழமையே வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வெள்ளி. சரண்யாதேவியை லேப்டாப்போடு வில்லாபுரம் வரச் சொன்னார்கள்.

அவள் பேரையூரில் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து, கல்லுப்பட்டி, திருமங்கலம் கடந்து, ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தாள். திட்டுவார்கள் என்று தெரியும். திட்டிவிட்டு ஆர்டரைக் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தாள். நம்பர் வந்துவிட்டதே. ஐந்தே முக்கால் வரை வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். பூஜையறை திறந்திருந்தது. படத்துக்கு அடியில் அந்தக் காகிதத்தின் ஓரம் தெரிந்தது.

அப்பாவும் மகனும் தங்கள் வீட்டு மொழியில் பேசிக்கொண்டார்கள். சௌராஷ்டிரத்தில் சரண்யாதேவிக்கு ஒரு சொல்லும் தெரியாது. அவளுக்குப் புரிந்தவை இரண்டே: டைமர், சாஃப்ட்வேர். அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது, அவர்கள் அவளைப் பார்க்காமல் பேசியதில் புரிந்தது.

பிறகு பெரியவர் தமிழுக்கு வந்தார்.

"உன் மேல எனக்குக் கோவமே இல்லம்மா. உன் கை மேலதான்."

"சின்னவரு சொல்லித்தான் சார் கொடுத்தேன்."

ஸ்ரீநாத் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் அப்படிச் சொல்லலையாமே."

"சொன்னாரு சார். மொத வெள்ளியே சொன்னாரு. பெரியவர் போனை நிறுத்தி வைன்னு சொன்னதும் அவருதான்."

"சரி, போனது போகட்டும். இனிமே கை வேண்டாம். தானா ஓடுற மாதிரி டைமர் போட்டுடு. கம்பெனிக்காரன் ரெண்டு லட்சம் கேக்குறான். உனக்குத்தான் தெரியுமே, நீயே போட்டுட்டுப் போ."

"தானா ஓடுனா எனக்கு என்ன சார் வேலை?"

அந்தக் கேள்வியை அவர் பாராட்டுவது போலத் தலையசைத்தார். "அதான்மா. உனக்கும் சிரமமில்லை."

"எங்கப்பா நெலத்தைக் கொடுத்திருக்காரு சார்."

"அவருக்கு வேலை இருக்கே. கேட்டுக்கு ஆள் வேணும்ல? கேட் தானாத் திறக்காதே."

சாரதாம்பாள் உள்ளே விளக்கேற்றினார். மணி அடித்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், சரண்யாதேவியும். பிறகு லேப்டாப்பைத் திறந்தாள். போட மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். அப்பா கேட்டில் நிற்கிறார் என்பது அவளை உட்கார வைத்தது. எந்தெந்தக் கிழமை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிக் கேட்டாள். இந்தமுறை எழுத்தில் வேண்டும் என்றாள். ஸ்ரீநாத் தாள் தேடினார். மேஜையில் இல்லை, டிராயரில் இல்லை. பூஜையறைக்குப் போய், படத்துக்கு அடியிலிருந்து ஒன்றை உருவினார். திருப்பிப் பார்த்தார். ஒரு நொடி நின்றார். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது.

திங்கள் ஆறரை – எட்டரை. செவ்வாய் ஆறரை – எட்டரை. ஏழு கிழமையும் எழுதி, வெள்ளிக்கு மட்டும் அடிக்கோடு போட்டு, அவள் கையில் கொடுத்தார்.

"ஏன்டா, விளக்கு வச்ச பிறகு படத்துக்கடியில இருந்து எடுத்துக் கொடுக்குறியே" என்று சாரதாம்பாள் பதறினார்.

"வெறும் பேப்பர்தானேம்மா" என்றார் ஸ்ரீநாத்.

ஆறரைக்கு டைமர் விழுந்தது. எல்லாரும் பெரியவரின் போனைச் சுற்றி நின்றார்கள். நூறு. தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றெட்டு. ஒரு வருஷத்தில் முதல் முறையாக அந்தப் போன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உண்மையைச் சொன்னது. வெங்கடசுப்பிரமணியன் கைகூப்பினார். "தானாப் போகுது பாரு. நாம ஒண்ணும் கொடுக்கலை."

சரண்யாதேவி லேப்டாப்பை மூடினாள். "என் பாக்கிச் சம்பளம் சார். இந்த மாசம் பதினாறு நாள்."

அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "விளக்கு வச்சாச்சேம்மா."

"ஜீபேல அனுப்பலாமே சார். அதுவும் மிஷின்தானே?"

கூடம் யோசித்தது. ஸ்ரீநாத் யோசித்தார். ஹம்சவேணிகூட உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். பெரியவர்தான் முதலில் தெளிந்தார். "அமுக்குறது கையாச்சே" என்றார். "திங்கக்கிழமை பார்ப்போம்."

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அது வேறு தோஷம். சாரதாம்பாள் ஒரு தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, ஒரு ரவிக்கைத் துண்டு வைத்து நீட்டினார். கடையில் புடவை வெட்டியபோது விழுந்த சுங்குடிக் கத்தரிப்பு. ரவிக்கைக்கு அரை முழம் குறையும். "நல்லா இரும்மா" என்றார். அதையும் அவர் மனதாரத்தான் சொன்னார்.

பஸ் திருமங்கலம் தாண்டும்போது முத்துக்கருப்பன் போன் செய்தார். பின்னால் பெட்டியின் ஃபேன் இரைச்சல் கேட்டது.

"பாப்பா, இங்கன யாருமே அமுக்கல. ஆறரைக்குப் பொட்டி தானா ஓடுதே. அங்கன இருந்தே அமுக்குனியா?"

"ஆமாப்பா. நாந்தான்."

"கெட்டிக்காரி. மொதலாளி ரொம்பத் திட்டுனாரா?"

"இல்லப்பா. திட்டவே இல்ல."

"நல்ல மனுசன். ஆர்டரு?"

சரண்யாதேவி மடியில் இருந்த தாளைப் பிரித்தாள். பஸ் விளக்கில் அவள் பெயர் தெரிந்தது, மு. சரண்யாதேவி என்று, இனிஷியலோடு, பிழையில்லாமல். ஓரத்தில் குங்குமக் கறை. கீழே கையெழுத்து.

"கையிலதான் இருக்குப்பா."

"தேதி போட்டுட்டாரா?"

அவள் தாளைத் திருப்பினாள்.

"தேதி போடலப்பா. கிழமை போட்டிருக்காங்க."